வெளிநோயாளர் பிரிவில் கேட்கப்படாத கேள்வி

மதிப்பிற்குரிய ஆசிரியர் அவர்களுக்கு,

மலையக இளைஞர்களின் தற்கொலைகள் பற்றி வெளிவரும் கட்டுரைகள் பெரும்பாலும் காதல், கடன், பரீட்சை என்ற காரணங்களோடு நின்றுவிடுகின்றன. ஒருவர் உயிரை மாய்த்துக்கொள்வதற்கு ஒரே ஒரு காரணம் இருப்பது அரிது என்பது ஒருபுறமிருக்க, அந்தப் பிள்ளை அதற்கு முந்திய வாரங்களில் எந்த வைத்தியரிடம் போனது, அங்கே என்ன கேட்கப்பட்டது என்று எவரும் விசாரிப்பதில்லை.

மனச்சோர்வு எங்கள் பக்கத்தில் அந்தப் பெயரைச் சொல்லிக்கொண்டு வைத்தியசாலைக்கு வருவதில்லை. தலையிடி, நெஞ்சடைப்பு, நித்திரையின்மை என்றுதான் வருகிறது. காலையிலேயே துண்டு எடுத்து வரிசையில் நின்ற பதினேழு வயதுப் பிள்ளையுடன் அம்மாவும் உள்ளே போகிறார். வைத்தியருக்குத் தமிழ் தெரியாவிட்டால் அம்மாவோ, பக்கத்தில் நிற்கும் சிற்றூழியரோ மொழிபெயர்க்க, அடுத்த நோயாளி கதவோரம் நின்று எல்லாவற்றையும் கேட்டுக்கொண்டிருக்கிறார். சற்று நேரத்தில் பனடோலும் விற்றமினும் எழுதப்படுகின்றன. "சாகணும்போல இருக்கு" என்பதைப் பெற்ற தாயின் வாயாலேயே வைத்தியருக்குச் சொல்லவைக்க எந்தப் பிள்ளைக்கு மனம் வரும்? தமிழையும் அரசகரும மொழியாக ஏற்ற, இலங்கை அரசியலமைப்பின் 13ஆவது திருத்தம் 1987இல் வந்தது என்பதை இவ்விடத்தில் நினைக்காமல் இருக்க முடியவில்லை.

தற்கொலை எண்ணம் உண்டா என்று நேரடியாகக் கேட்டால் அந்த எண்ணத்தை நாமே ஊட்டிவிடுவோம் என்ற அச்சம் சுகாதாரப் பணியாளர்களிடமும் உண்டு. அது ஆதாரமற்றது. அமைதியாக, தனியாக வைத்துக் கேட்கும்போது பலருக்கு அது ஆறுதலாகவே அமைகிறது. ஆம் என்ற பதில் வந்தால் பிள்ளையைத் தனியே விடாமல், நம்பிக்கையான ஒரு பெரியவரைத் துணைக்கு வைத்து, மனநலக் கிளினிக்குக்கு அனுப்பி, போய்ச் சேர்ந்தாரா என்று மறுபடியும் விசாரிக்க வேண்டும். கடைசியாகச் சொன்னதுதான் பெரும்பாலும் நடப்பதில்லை.

குடும்பநல மாது தோட்டத் தொழிலாளர் குடியிருக்கும் லயத்துக்கே வந்தாலும் அவர் தேடிவருவது கர்ப்பிணிகளையும் குழந்தைகளையும்தான். பாடசாலையை விட்டு, கொழும்புக் கடையில் வேலைசெய்து திரும்பிய இளைஞனைச் சுகாதாரத்துறையினர் காணக்கூடிய ஒரே இடம் தோட்ட டிஸ்பென்சரியோ வெளிநோயாளர் பிரிவோதான். ஆகவே அங்கேயே தமிழ் பேசும், பயிற்சி பெற்ற ஒருவரும் கதவு சாத்தக்கூடிய ஓர் அறையும் வேண்டும் என்று கேட்கிறேன்.

இது ஆகாத காரியமன்று. 1995இல் இலட்சம் பேருக்கு 47 என்ற அளவிலிருந்த இந்நாட்டின் தற்கொலை வீதம், கொடிய பூச்சிகொல்லிகளைத் தடைசெய்த பின்னர் பாதிக்கும் கீழே இறங்கியது. தற்கொலைக்கு முயல்வதைக் குற்றமாக்கிய சட்டப்பிரிவும் 1998இல் நீக்கப்பட்டது. ஆயினும் "பொலிஸ் கேஸ்" ஆகிவிடும் என்று பயந்து மறைக்கும் குடும்பங்கள் இன்றும் உண்டு.

தங்களிடமும் ஒரு வேண்டுகோள். இத்தகைய செய்திகளில் எவ்வாறு நடந்தது என்ற விபரத்தைத் தவிர்த்து, அந்த இடத்தில் தேசிய மனநல உதவி இலக்கமான 1926ஐ அச்சிடுங்கள்.

இப்படிக்கு,
ஓய்வுபெற்ற ஆசிரியை,
ஹட்டன்.