நோராவின் கைப்பை

அன்புள்ள கயலுக்கு,

அம்மா எழுதுவது. ஆஸ்லோ தேசிய நாடக அரங்கின் வாசலில், நாடகாசிரியர் இப்சனின் சிலைக்குப் பக்கத்தில் நீ நிற்கும் படம் கிடைத்தது. வசனம் பாதிதான் புரிந்தது, ஆனாலும் அவருடைய 'பொம்மை வீடு' நாடகத்தின் முடிவில் நோரா கணவனையும் பிள்ளைகளையும் விட்டுப் போகும்போது கேட்ட கதவுச் சத்தத்தில் தூக்கிவாரிப் போட்டது என்று எழுதியிருந்தாய். எனக்குத் தூக்கிவாரிப் போட்ட இடம் வேறு. அது ஒரு தேதி.

கூட்டுறவு வங்கியில் 30 வருடம் கடன் பத்திரங்களோடு குப்பை கொட்டியவள் இல்லையா? நோயாளிக் கணவனை இத்தாலிக்கு அழைத்துப்போய்க் காப்பாற்ற நோரா 1,200 டாலர் கடன் வாங்குகிறாள். கணவன் சம்மதமில்லாமல் மனைவி கடன் வாங்க முடியாத காலம். ஜாமீனுக்கு அப்பாவின் கையெழுத்தைத் தானே போட்டுவிடுகிறாள். அப்பா இறந்தது செப்டம்பர் 29. பத்திரத்தில் இருப்பதோ அக்டோபர் 2. செத்து மூன்று நாள் கழித்துக் கையெழுத்துப் போட்ட மனிதர்! முதலில் சிரிப்புதான் வந்தது. பிறகு வயிற்றைக் கலக்கியது. "வீட்டுக்காரருக்குத் தெரிய வேண்டாம் அக்கா" என்று குரலைத் தாழ்த்தி நகைக்கடன் கேட்ட பெண்களை என் மேசைக்கு எதிரே எத்தனை முறை பார்த்திருப்பேன். 1879-இல் கோபன்ஹேகனில் முதலில் மேடையேறிய நாடகம் அது. எனக்குப் புரிவதற்கு நார்வேயைப் பார்த்திருக்க வேண்டிய அவசியமே இருக்கவில்லை.

எல்லா ஊரும் அவளை அப்படியே ஏற்றுக்கொள்ளவில்லை. 1880-இல் ஜெர்மனியில் நோராவாக நடிக்கவிருந்த ஹெட்விக் நீமன்-ராபே, நானாக இருந்தால் பிள்ளைகளை விட்டுப் போகவே மாட்டேன் என்று அந்த முடிவில் நடிக்க மறுத்துவிட்டார். வேறு யாராவது கைவைப்பதற்குத் தானே மாற்றிவிடலாம் என்று இப்சனே வேறு முடிவு எழுதிக் கொடுத்தார். அதில் கணவன் அவளைக் குழந்தைகளின் அறை வாசலுக்கு இழுத்துப்போகிறான், அங்கேயே சரிந்துவிடுகிறாள். காட்டுமிராண்டித்தனம் என்று அதைச் சொன்னவரும் இப்சன்தான். எனக்கு அந்த நடிகைமேல் கோபம் வரவில்லை. உன்னை இரண்டு வயதில் பாட்டியிடம் விட்டுவிட்டுப் பயிற்சிக்காக மதுரைக்கு பஸ் ஏறியவள் நான். பதினைந்தே நாள்தான். அதற்கே திண்டுக்கல் வரும்வரை அழுதேன்.

ஜப்பானில் 1911-இல் மட்சுயி சுமாகோ நோராவாக நடித்துப் பெரும் பேர் வாங்கினார். ஆனால் எனக்கு மிகவும் பிடித்தவர் சீன எழுத்தாளர் லூ சுன். 1923 டிசம்பரில் பெய்ஜிங்கில் பெண்கள் கல்லூரி ஒன்றுக்குப் பேசப்போனவர், வீட்டைவிட்டுப் போன நோரா அப்புறம் என்ன ஆனாள் என்று கேட்டார். ஒன்று சீரழிந்திருப்பாள், இல்லையென்றால் திரும்பி வந்திருப்பாள் என்றார். உங்களைப் போல ஒரு கம்பளி மப்ளரைச் சுற்றிக்கொண்டு கிளம்பினால் அது எத்தனை அகலமாக இருந்தும் பிரயோசனமில்லை, கைப்பையில் பணம் வேண்டும் என்று அந்தப் பெண்களிடம் பச்சையாகச் சொன்னார். கதவைப் பற்றித்தான் எல்லோரும் பேசுகிறார்கள். நான் படித்தவரையில் பையைத் திறந்து பார்த்தவர் அவர்தான்.

நான் பின்னி அனுப்பிய மப்ளர் படத்தில் உன் கழுத்தில் இருந்தது. சந்தோஷம். இத்துடன் உன் பெயரிலுள்ள வைப்புத் தொகைக்கான படிவத்தையும் வைத்திருக்கிறேன். "இதற்காக அங்கே அனுப்புவானேன், நீயே போட்டுவிடேன்" என்கிறார் உன் அப்பா. நான் போட மாட்டேன். கையெழுத்துப் போட வேண்டிய இடத்தில் பென்சிலால் குறியிட்டிருக்கிறேன். நீ போடுகிற அன்றைய தேதியையே எழுது.

அன்புடன்,
அம்மா