மரக்கிளைக்கு என்ன லேபிள்? டிரைவர் இல்லா லாரி நிறுவனத்தாருக்கு ஒரு திறந்த மடல்

வாளையாறு வழியாக டிரைவர் இல்லா லாரியை ஓட்டிப் பார்க்கக் கேமரா வண்டியை அனுப்பியிருக்கும் நிறுவனத்தாருக்கு,

வணக்கம். கோவையிலிருந்து பாலக்காட்டுக்குப் போகும் தேசிய நெடுஞ்சாலை 544-இன் வீடியோக்களுக்கு லேபிள் போடுகிறவர்களும், அதே சாலையில் லாரி ஓட்டுகிறவர்களும் சேர்ந்து எழுதுகிறோம். கேட்பது ஒன்றுதான்: சோதனை ஓட்டத்துக்கு முன்னால் லேபிள் பட்டியலைத் திருத்துங்கள்.

படத்தில் உள்ள பொருளுக்கு ஆள் வைக்கிற பெயரைத்தான், அதாவது லேபிளைத்தான், வண்டியை ஓட்டும் ஏ.ஐ. மாடல் கற்றுக்கொள்கிறது. பெயர் இல்லாததெல்லாம் 'மற்றவை'யில் விழும். லேபிள் போட்ட படங்களின் தொகுப்பாக உலகெங்கும் புழங்கும் கோகோ தரவுத்தொகுப்பில் 80 வகைகள். ஒட்டகச்சிவிங்கிக்கும் வரிக்குதிரைக்கும் அதில் இடம் உண்டு, ஆட்டோவுக்கு இல்லை. சிட்டிஸ்கேப்ஸ் என்ற சாலைப் படத் தொகுப்பு 50 நகரங்களில் எடுத்தது, பெரும்பாலும் ஜெர்மனி. ஹைதராபாத் ஐஐஐடி-யின் இந்தியத் தரவுத்தொகுப்பு 34 வகைகளோடு வந்தபோது ஆட்டோவுக்கும் ஒரு பெயர் கிடைத்தது. நல்ல வேலை. ஆனால் அதுவும் ஹைதராபாத், பெங்களூர்ச் சாலைகள்தான். நீங்கள் எங்களிடம் கொடுத்த பட்டியல் இவற்றை ஒட்டியும் வெட்டியும் செய்தது என்பது பார்த்ததுமே தெரிகிறது.

முதலில் மரக்கிளை. நடுவழியில் லாரி நின்றுவிட்டால் கிளீனர் இறங்கி, பக்கத்து மரத்தில் நாலு கிளை ஒடித்துப் பின்னால் போடுவார், இரண்டு மூன்று கல்லும் வைப்பார். இங்கே எச்சரிக்கை முக்கோணம் அதுதான். உங்கள் பட்டியல்படி நாங்கள் அதற்குப் போட வேண்டிய லேபிள் 'தாவரம்'. தாவரம் என்றால் மாடலுக்குச் சாலையோரக் காட்சி, கவலைப்பட ஒன்றுமில்லை. ரேடியோ அலையின் எதிரொலியை வைத்துப் பொருளைக் காணும் ரேடாரும் இங்கே கைகொடுக்காது. நகராத பொருளின் எதிரொலியைப் பாலம், பெயர்ப்பலகை, தடுப்புக்கம்பி என்று வடிகட்டித் தள்ளும்படிதான் பல ரேடார்களை அமைக்கிறார்கள். அப்படிச் செய்யாவிட்டால் வண்டி ஒவ்வொரு பாலத்துக்கும் பிரேக் அடிக்கும். நின்றுபோன லாரியும் அந்த வடிகட்டலில் போய்விடுகிறது.

கணக்கைப் பாருங்கள். நனைந்த சாலையில் லோடு லாரியின் வேகம் ஒவ்வொரு வினாடியிலும் வினாடிக்கு 3 மீட்டர் அளவு குறைகிறது என்று வைத்துக்கொண்டால், 60 கிலோமீட்டர் வேகத்திலிருந்து நிற்க 46 மீட்டர் வேண்டும். கணினி முடிவெடுக்க அரை வினாடி என்றால் அதில் இன்னும் 8 மீட்டர் ஓடிவிடும். கிளைகள் கிடப்பது நின்ற லாரிக்குப் பின்னால் சில மீட்டர் தூரத்தில்தான்; தொலைவிலேயே அடையாளம் காணாவிட்டால் நிற்க இடம் போதாது. எனவே 'பழுது அடையாளம்' என்று தனி வகை வேண்டும். கிளை, கல், மணல் மூட்டை, தார் டிரம் எல்லாம் அதில் வரட்டும். லாரி போனபின்னும் கல் அங்கேயே கிடக்கும்; அதற்கும் அதே லேபிள்தான்.

அடுத்தது வைக்கோல் லாரி. கேரளத்து மாடுகளுக்குத் தமிழ்நாட்டிலிருந்து போகிற வைக்கோல், லாரியின் பக்கவாட்டை விட்டு இருபுறமும் பிதுங்கி நிற்கும். லாரி என்றால் இரண்டரை மீட்டர் அகலம் என்று மாடல் படித்து வைத்திருப்பதால், வண்டியைச் சுற்றிப் போடும் முப்பரிமாணப் பெட்டியைத் தானாகவே சுருக்கிவிடுகிறது. லேசர் கதிரை வீசித் தூரம் அளக்கும் லைடாரின் புள்ளிகள் வைக்கோலின் ஓரத்தில் கலைந்து விழும். மென்பொருள் அதைத் தூசி, மழை என்று வடிகட்டி எறிந்துவிடுகிறது. உண்மையில் அந்த ஓரம்தான் பக்கத்தில் போகிற பைக் ஓட்டுகிறவரின் தோளில் உரசும். கஞ்சிக்கோட்டு இரும்பாலைப் பக்கம் கம்பி ஏற்றிவரும் வண்டிக்கும் இதே சிக்கல், பின்பக்கம். பெட்டி லாரியின் பாடியோடு முடிகிறது, கம்பி அதற்கு அப்பாலும் நீள்கிறது. 12 மில்லிமீட்டர் கம்பியின் முனை 30 மீட்டர் தூரத்தில் பிடிக்கும் கோணம் 0.023 பாகைதான். லைடாரின் கதிர்களுக்கு இடைவெளி 0.1 பாகை என்றாலும் அந்த முனை நடுவில் நழுவிவிடும். வண்டிக்கு ஒரு பெட்டி, லோடுக்கு ஒரு பெட்டி என்று இரண்டாகப் போடச் சொல்லுங்கள். இடைவெளியை லோடுப் பெட்டியிலிருந்து அளக்கட்டும்.

பெயர் மாறினால் என்ன ஆகும் என்பதற்கு டெம்பி விபத்தே போதும். 2018 மார்ச் 18 இரவு, அமெரிக்காவின் அரிசோனாவில் உள்ள டெம்பி நகரில் ஊபரின் தானே ஓடும் சோதனைக் கார், சைக்கிளைத் தள்ளிக்கொண்டு சாலையைக் கடந்த ஒரு பெண்ணை மோதியது. அவர் இறந்துபோனார். மோதுவதற்கு 5.6 வினாடிக்கு முன்பே ரேடார் அவரைக் கண்டிருந்தது. ஆனால் மென்பொருள் அவரை வாகனம் என்றது, வேறு பொருள் என்றது, சைக்கிள் என்றது. பெயர் மாறிய ஒவ்வொரு தடவையும் அவர் அதுவரை நகர்ந்து வந்த தடத்தைக் கழித்துவிட்டுப் புதிதாகக் கணக்குப் போட்டது. அதனால் அவர் எங்கே போகிறார் என்பதே அதற்குத் தெரியவில்லை. லேபிள் மாறினாலும் தடம் அறுபடக் கூடாது. உங்கள் மென்பொருளில் இது எப்படி என்று எழுத்தில் சொல்லுங்கள்.

கார்த்திகை, மார்கழியில் சபரிமலைக்கு நடந்து போகிறவர்கள் கறுப்பு வேட்டி கட்டி, இருட்டில், சாலையோரத்தில் வரிசையாகப் போவார்கள். தலையில் இருமுடி இருப்பதால் ஆளின் உருவ வரம்பே மாறிவிடும். தலையைத் தேடும் மாடல் குழம்பும். லைடார் 200 மீட்டர் பார்க்கும் என்று விளம்பரத்தில் போட்டிருந்தால், அது எத்தனை சதவீதம் ஒளியைத் திருப்புகிற பொருளுக்கு என்று கேளுங்கள். 80 சதவீதத்துக்குச் சொன்ன தூரம், 10 சதவீதம் மட்டும் திருப்பும் கறுப்புத் துணிக்குச் சுமார் மூன்றில் ஒரு பங்காகச் சுருங்கும். துணி நனைந்திருந்தால் இன்னும் மோசம்.

இதற்கு வெப்பக் கேமராதான் வழி. மதுக்கரையில் ரயில் பாதையைக் கடக்கும் யானைகளைக் கண்டுபிடிக்கத் தமிழ்நாடு வனத்துறை 2024-இல் வைத்த ஏ.ஐ. கோபுரங்களிலும் வெப்பக் கேமராதான் இருக்கிறது. அந்தக் காட்டின் ஓரமாகத்தான் உங்கள் லாரியும் போகப்போகிறது. ஒன்றைக் கவனியுங்கள்: வெப்பக் கதிர் சாதாரணக் கண்ணாடியை ஊடுருவாது, ஆகவே கேமராவை முன்கண்ணாடிக்குள் பொருத்தினால் வீண், வெளியே, அதற்கென்று ஜெர்மானியம் என்ற தனிமத்தில் செய்த ஜன்னலோடு பொருத்த வேண்டும். சித்திரையில் தார் சூடேறும்போதும் ஆறும்போதும், அதுவும் மனித உடம்பும் ஏறத்தாழ ஒரே சூட்டுக்கு வந்துவிடும் நேரம் உண்டு. அப்போது அதை நம்பக் கூடாது.

சமிக்ஞைகளைப் பற்றிக் கொஞ்சம். வெளிநாட்டில் எதிர் வண்டி ஹெட்லைட்டை மின்னினால் பல இடங்களில் 'நீ போ' என்று பொருள். இங்கே 'நான் வருகிறேன், நீ நில்'. முன்னால் போகிற லாரியின் இண்டிகேட்டர் திரும்புவதற்கா, 'முந்திக்கோ' என்பதற்கா என்பதை ஒற்றைப் படத்தை வைத்து யாரும் சொல்ல முடியாது. கிளீனரின் கையையும் சேர்த்துப் பார்க்க வேண்டும். ஆகவே ஃபிரேம் ஃபிரேமாக லேபிள் கேட்காமல் ஐந்து வினாடித் துண்டாகக் கொடுங்கள். பத்து ஃபிரேமுக்கு ஒரு தடவை பெட்டி போட்டு நடுவில் மென்பொருளே நேர்கோட்டில் நிரப்புவது செலவைக் குறைக்கும் என்று உங்கள் ஆட்கள் சொல்கிறார்கள். உங்கள் பதிவில் பத்து ஃபிரேம் என்றால் ஒரு வினாடி. 40 கிலோமீட்டரில் போகிற பைக் அதற்குள் 11 மீட்டர் ஓடி இரண்டு தடவை வளைந்திருக்கும். டூவீலருக்கு மட்டுமாவது ஒவ்வொரு ஃபிரேமும் கையால் போட வேண்டும், அதற்கான கூலியும் கொடுக்க வேண்டும்.

கேமரா தாங்கி பற்றி ஒரு வரி. வேகத்தடைகள் அதைத் தளர்த்திவிடும். கேமராவும் லைடாரும் அரை பாகை விலகினால் 80 மீட்டரில் 70 சென்டிமீட்டர் பிழை. ஓரத்தில் நடக்கிறவர் மாடலுக்குச் சாலைக்குள் நிற்பார், அல்லது சாலைக்குள் நிற்கிறவர் ஓரத்துக்குப் போய்விடுவார். தினமும் கிளம்புமுன் கட்டம் போட்ட பலகையை வைத்துச் சரிபாருங்கள். ஜூன் முதல் செப்டம்பர் வரை பாலக்காட்டுக் கணவாய்க் காற்று மழையைச் சாய்த்தே அடிக்கும். லென்ஸைத் துடைக்கக் காற்றுக்குழல் இல்லாமல் அந்த மாதங்களில் வராதீர்கள்.

பாலக்காட்டைத் தாண்டித் திருச்சூர் போகும் வழியில் உள்ள குதிரான் சுரங்கத்துக்குள் ஜி.பி.எஸ். கிடைக்காது. சுவர் எங்கும் ஒரே மாதிரி இருப்பதால் லைடாரும் வண்டி எவ்வளவு தூரம் நகர்ந்தது என்பதில் ஏமாறும். சக்கரக் கணக்கில் நூற்றுக்கு ஒன்று பிழை என்றாலே ஒரு கிலோமீட்டரில் 10 மீட்டர். எனவே முதல் வருடம் பாலக்காட்டோடு நிறுத்திக்கொள்ளுங்கள்.

கேபினில் ஒரே ஒரு பாதுகாப்பு ஓட்டுநர் போதும் என்று உங்கள் திட்டத்தில் இருக்கிறது. ஊபரும் டெம்பி விபத்துக்குச் சில மாதம் முன்புதான் இரண்டு பேரை ஒருவராகக் குறைத்திருந்தது. லாரியில் டிரைவரும் கிளீனரும் சேர்ந்து போவது எதற்காக என்பது இந்தச் சாலையில் எல்லாருக்கும் தெரியும்: வலப்பக்கம் அவர், இடப்பக்கம் இவர். இருவருக்கும் இடம் வையுங்கள். கிளீனர் கையில் ஒரு பொத்தான் கொடுங்கள், அவர் அழுத்திய நேரத்துக்கு முன்னும் பின்னும் பத்து வினாடிப் பதிவு லேபிள் போட எங்களிடம் வரட்டும். புதிய பட்டியலின் முதல் வரைவை ஆடிக்காற்று தொடங்குமுன் அனுப்பினால், இரண்டு வாரத்தில் திருத்தித் தருகிறோம்.

இப்படிக்கு,
வாளையாற்றுச் சாலையில் லேபிள் போடுகிறவர்களும் லாரி ஓட்டுகிறவர்களும்