நீல மையில் ஒரு கையெழுத்து

எல்லோருக்கும் வணக்கம். நேற்றுப் பின்னேரம் அம்மாவின் வங்கிப் புத்தகத்தைப் பதிந்துகொண்டு வந்தோம். அப்பாவின் ஃபைல் கிடைக்கவில்லை என்று ஒரு அரச கந்தோர் நாலு வருசமாக இழுத்தடித்த பணம் வந்துவிட்டது, நிலுவையும் சேர்த்து. என்ன நடந்தது என்று திரும்பவும் முதலிலிருந்து எழுதப் போவதில்லை. நாலு வருசமாக எங்களோடு சேர்ந்து அலைந்தவர்கள் நீங்கள், உங்களுக்குத் தெரியாத எதுவும் அதில் இல்லை. எந்தக் கந்தோர் என்பதையும் இங்கே எழுதவில்லை. இரவு நித்திரை வரவில்லை, அதுதான் விடியப்புறமே எழும்பி உட்கார்ந்து இதை எழுதுகிறேன்.

நன்றி சொல்வதென்றால் மாஸ்டரில் இருந்து தொடங்க வேண்டும். எல்லாக் கதவும் சாத்திய பிறகு, "பிள்ளை, ஒம்புட்ஸ்மனுக்கு எழுதினனியளோ?" என்று கேட்டவர் அவர்தான். அது வங்கிக் கணக்குப் பிரச்சினைகளுக்குப் போகிற இடம் என்று நான் நினைத்திருந்தேன். அது வேறு, இது வேறு என்று உட்காரவைத்து விளங்கப்படுத்தினார். தமிழில் நிருவாகத்துக்கான பாராளுமன்ற ஆணையாளர், அரச கந்தோர்களில் அநியாயம் நடந்தால் முறையிடுகிற இடம். 1978 அரசியலமைப்பின் 156ஆம் உறுப்புரையில் இருக்கிற பதவி, 1981இன் 17ஆம் இலக்கச் சட்டத்தோடு நடைமுறைக்கு வந்தது, முதல் ஆணையாளர் சாம் விஜேசிங்க. அந்தச் சொல்லே சுவீடன்காரருடையது, 1809இல் அங்கேதான் இப்படி ஒரு பதவியை உண்டாக்கினார்கள் என்பதுவரை சொன்னார். எங்கள் நாட்டில் ஆரம்பத்தில் சனம் நேரே எழுத முடியாதாம். ஒரு எம்.பி.யைப் பிடித்து, அவர் மூலம் பாராளுமன்ற மனுக் குழுவுக்குப் போய், அங்கிருந்துதான் ஆணையாளரிடம் போகுமாம். 1994இல் சட்டத்தைத் திருத்திய பிறகுதான் யாரும் தாங்களே எழுதலாம் என்று ஆனது. அந்தத் திருத்தம் வராமல் இருந்திருந்தால் அம்மா இன்னும் யாருடைய கேற்றடியில் நின்றிருப்பார் என்று யோசிக்கவே நெஞ்சு அடைக்கிறது.

தமிழிலேயே எழுதினோம். ஒரு சதம் கட்டணம் இல்லை. மாஸ்டர் மூன்று தரம் வெட்டித் திருத்தி, கோபத்தை எல்லாம் எடுத்துவிட்டு, திகதிகளை மட்டும் வரிசையாக வைத்தார். எனக்கு அப்போது அது பிடிக்கவில்லை, எங்கள் கண்ணீர் எங்கே போனது என்று சண்டை பிடித்தேன். இப்போது சொல்கிறேன், மாஸ்டர், நீங்கள் செய்ததுதான் சரி.

ஆனால் இந்த மடலை நான் எழுதுவது உண்மையில் வேறு ஒருவருக்காக. அவருடைய பெயரை எழுதினால் அவருக்கே இடைஞ்சலாகும் என்பதால் எழுதவில்லை. அவர் எங்கள் பக்கத்து ஆள் இல்லை. எங்களை அலைக்கழித்த அதே கந்தோரில் இருந்து, விசாரணைக்குப் பதில் சொல்ல அனுப்பப்பட்டவர்.

கொழும்பில் விசாரணை நடந்த அன்று அவரைக் கண்டதும் எனக்கு உடம்பெல்லாம் பதறியது. ஃபைல் கிடைக்கவில்லை என்று ஒரு வரி சொல்லிவிட்டுப் போகத்தான் வந்திருக்கிறார் என்று நினைத்தேன். அவர்கள் நாலு வருசமாகச் சொன்னது அதைத்தானே. ஆணையாளர் கட்டளை போட முடியாது, பரிந்துரைக்கத்தான் முடியும், அதைக் கேட்காவிட்டால் பாராளுமன்றத்துக்கு அறிக்கை போகும், அவ்வளவுதான் என்று மாஸ்டர் முதலே சொல்லியிருந்தார். அதனால் அந்த ஒரு வரியை நினைத்துத்தான் எங்களுக்குப் பயம்.

அவர் கையில் ஃபைல் இருக்கவில்லை. பழைய சாரம் ஒன்றில் சுற்றிய, மட்டை கழன்ற பெரிய பதிவுப் புத்தகம் ஒன்று இருந்தது. ஃபைல் இல்லை என்று எழுதிக் கொடுத்திருந்தால் அவருடைய வேலை முடிந்திருக்கும். அவரோ களஞ்சிய அறையில் இரண்டு நாள் தேடி அதைக் கண்டுபிடித்திருக்கிறார். அவர் சிங்களவர். தமிழ் பேசுவார், ஒவ்வொரு சொல்லாக யோசித்துத்தான். புத்தகத்தை விரித்து, விசாரித்த அதிகாரிக்குக் காட்டிவிட்டு, அப்படியே அம்மாவின் பக்கம் திருப்பினார். "அம்மா, இது உங்கட மாத்தயாதானா?" கணவரைத்தான் அப்படிக் கேட்டார்.

அப்பாவின் பெயர் அதில் பிழையாகத்தான் இருந்தது, ஆங்கில எழுத்தில் யாரோ கேட்டதைக் கேட்டபடி எழுதியிருந்தார்கள். எங்கள் நாலு வருசமும் அந்த ஒரு எழுத்துக்குள்தான் கிடந்தது. ஆனால் பக்கத்தில் கையெழுத்து இருந்தது, தமிழில், நீல மையில். அப்பா கடைசி எழுத்துக்குப் புள்ளி வைக்கமாட்டார், குட்டி வட்டம் போடுவார் என்று அம்மா எனக்குச் சின்ன வயதில் சொல்லியிருக்கிறார். அந்த வட்டம் அங்கே இருந்தது. அம்மா ஒன்றும் பேசவில்லை. விரலை அதன்மேல் வைத்தபடி இருந்தார், அறையில் யாரும் அவரை அவசரப்படுத்தவில்லை.

2009இல் வன்னியிலிருந்து வெளிக்கிட்டபோது எங்களிடம் ஒரு படம் கூட மிஞ்சவில்லை என்பது உங்களுக்குத் தெரியும். அப்பா போகும்போது எனக்கு மூன்று வயது. அவருடைய எழுத்தை நான் அதுவரை கண்டதே இல்லை.

விசாரணை முடிந்து படியால் இறங்கி வந்துவிட்டோம். பின்னால் கூப்பிட்டுக்கொண்டு அவர் ஓடி வந்தார். கொஞ்சம் நிற்கச் சொன்னார். திரும்பி உள்ளே போய் விசாரித்த அதிகாரியிடம் அனுமதி கேட்டு, புத்தகத்தையும் தூக்கிக்கொண்டு ரோட்டுக்கு அந்தப் பக்கம் இருந்த கடைக்குப் போய், அந்தப் பக்கத்தைக் கலரில் பிரதி எடுத்துக்கொண்டு வந்தார். கறுப்பு வெள்ளையில் எடுத்தால் மை தெரியாது என்றார். காசு கொடுக்கப் போனேன், வாங்கவில்லை. விசாரணைக்கு அந்தத் தாள் தேவையே இல்லை, அதற்கு வேண்டியதெல்லாம் மேலே முடிந்துவிட்டது. அம்மாவுக்காகவும் எனக்காகவும் மட்டும் எடுத்த தாள் அது.

அந்தக் கந்தோரை நான் திட்டாத நாள் இல்லை. திட்டியது பிழை என்று இப்போதும் சொல்லமாட்டேன், திட்ட வேண்டியவர்கள் அங்கே இருந்தார்கள். ஆனால் அதே கட்டடத்தில், தூசிக்குள் இருந்து எங்கள் அப்பாவைத் தேடி எடுத்த ஒருவரும் இருந்திருக்கிறார். நாங்கள் போய் வந்த ஒவ்வொரு முறையும் அவர் எந்த மேசையில் இருந்திருப்பார் என்று யோசித்துக்கொண்டே இருக்கிறேன். பணம் வந்ததற்கு ஆணையாளர் கந்தோருக்கு நன்றிக் கடிதம் எழுதிவிட்டோம், அவருக்கும் அதில் இரண்டு வரி சேர்த்திருக்கிறோம். அது அவருக்குப் போய்ச் சேரவேண்டும்.

மற்ற எல்லோருக்கும் ஒன்றாகத்தான் சொல்ல முடிகிறது, குறை நினைக்காதீர்கள். வெள்ளவத்தையில் படுக்க இடம் தந்த சின்னம்மா, ஒவ்வொரு தரமும் லீவு தந்த அதிபர், கடிதம் கொடுத்த கிராம சேவகர், போட்டோக்கொப்பிக்குக் காசு கணக்குப் பார்க்காத கடைத் தம்பி, பதிவுத் தபால் துண்டுகளைக் கவனமாக வைத்திருக்கச் சொல்லிச் சொல்லியே எங்களைக் காப்பாற்றிய தபால் கந்தோர் அக்கா, வெளிநாட்டில் இருந்து போன் எடுத்து அம்மாவோடு வெறுமனே கதைத்துக்கொண்டிருந்த பிள்ளைகள். உங்களில் ஒருவர் குறைந்திருந்தாலும் அம்மா நடுவில் விட்டிருப்பார். இரண்டு தரம் விடப் பார்த்தவர்தான்.

அப்புறம் ஒன்று. சனிக்கிழமைகளில் பின்னேரம் நான் வீட்டில்தான் இருப்பேன். பென்சனோ காணியோ பெயர் மாற்றமோ, எந்தக் கந்தோரில் உங்கள் காகிதம் கிடந்து உக்குகிறதோ, வாருங்கள், இருந்து எழுதுவோம். மாஸ்டரும் வருவதாகச் சொல்லியிருக்கிறார். நீங்கள் முதலே அந்தக் கந்தோருக்கு எழுதிய கடிதங்களின் பிரதிகளையும் தபால் துண்டுகளையும் கொண்டு வாருங்கள், ஒன்றையும் எறிய வேண்டாம். ஒரிஜினல்களை வீட்டில் பத்திரமாக வைத்துவிட்டு வாருங்கள்.

அம்மா எழும்பிவிட்டார், தேத்தண்ணி போடப் போகிறேன். அப்பாவின் தாளுக்கு நேற்றே கண்ணாடி போடக் கொடுத்தாயிற்று, நாளைக்குத் தருவதாகச் சொன்னார்கள்.