அரையாண்டுத் தேர்வு போன பிறகும் ஓயாத டியூஷன்

ஆசிரியருக்கு வணக்கம்.

சிங்கப்பூர்ப் பள்ளிகளில் 2023 முதல் அரையாண்டுத் தேர்வு கிடையாது. தொடக்கப்பள்ளி இறுதித் தேர்விலும் 2021இல், மற்றப் பிள்ளைகளோடு ஒப்பிட்டுப் போடும் பழைய டி-ஸ்கோர் மதிப்பெண் போய், பாடத்துக்கு 1 முதல் 8 வரை அடைவுநிலை வந்துவிட்டது. 90 எடுத்தாலும் 99 எடுத்தாலும் அதே 1தான். ஒரு மதிப்பெண்ணுக்காகப் பிள்ளைகள் முட்டி மோதுவதைக் குறைக்கவே இந்த ஏற்பாடு. கல்வி அமைச்சை மனமாரப் பாராட்டுகிறேன்.

ஆனால் எங்கள் வட்டாரத்து டியூஷன் நிலையம் ஒன்று, பள்ளி கைவிட்ட அரையாண்டுத் தேர்வைத் தானே நடத்துகிறது. தொடக்கநிலை 5 படிக்கும் என் தங்கை மகள் சனிக்கிழமை காலை அங்கே போய்க் கணக்குத் தாள் எழுதிவிட்டு வருகிறாள். மதியம் அறிவியல்.

பெற்றோரைக் குறை சொல்ல மனம் வரவில்லை. பிள்ளை எப்படிப் படிக்கிறது என்று தெரியாத பதற்றம்தான் அவர்களை அங்கே தள்ளுகிறது. "பின்னம் நன்றாக வருகிறது, வாக்கியக் கணக்கில்தான் தடுமாறுகிறாள்" என்று வகுப்பாசிரியர் நாலு வரி எழுதி அனுப்பினால் பாதிப் பதற்றம் அடங்கிவிடும். ஒரே வகுப்பில் 40 பிள்ளைகள் வரை இருந்தால் அவருக்கு அதற்கு ஏது நேரம்? அமைச்சு முதலில் வகுப்புகளைச் சிறியதாக்கட்டும்.

- வாசகி, ஈசூன்