ரிட்லிக்கு முன்னால் சேமஸ் உறைந்து நின்றது பற்றி, இரண்டு கட்சிக்காரர்களுக்கும்

அன்புள்ள மெட்ராய்டு ரசிகர்களே,

‘அதர் எம்’ என்ற பேரைக் கேட்டாலே பல்லைக் கடிப்பவர்களுக்கும், அதைக் காப்பாற்றியே தீருவது என்று வரிந்துகட்டி நிற்பவர்களுக்கும் சேர்த்துத்தான் இந்த மடல். நின்டெண்டோவின் மெட்ராய்டு வரிசையில், 2010 ஆகஸ்டில் வீ கன்சோலுக்கு வந்த கேம் அது. அந்த வருஷம் பிறந்த பிள்ளைகள் இப்போது பத்தாவது பரீட்சை எழுதுகிற வயசில் இருக்கிறார்கள், நாம் இன்னும் ஒரே காட்சியைப் பிடித்துத் தொங்கிக்கொண்டிருக்கிறோம். பறக்கும் ராட்சத எதிரியான ரிட்லியைப் பார்த்ததும், கவசம் போட்ட விண்வெளி வேட்டைக்காரியான நம் நாயகி சேமஸ் ஆரன் உறைந்துபோகிற காட்சி.

புதிதாக வந்தவர்களுக்கு மட்டும் சுருக்கமாக: எரிமலைக் குழம்பு ஓடும் ஒரு பகுதியில் ரிட்லி எதிரே வந்து நிற்கிறது. சேமஸ் அசையவில்லை. அவள் நின்ற இடத்தில் ஒரு சின்னப் பெண் குழந்தை நடுங்கி நிற்பதாகத் திரையில் காட்டுகிறார்கள். கவசம் கரைந்துபோகிறது. ரிட்லி அவளைச் சுவரோடு தேய்த்து இழுக்க, பழைய தோழன் ஆண்டனி ஹிக்ஸ் வந்து சுட்டுக் காப்பாற்றுகிறான். அப்புறம்தான் அவள் தெளிந்து சண்டைக்கு வருகிறாள், நாமும் ரிமோட்டைக் கையில் எடுக்கிறோம்.

முதல் கட்சி சொல்வது: இது எங்கள் சேமஸ் இல்லை. கதை வரிசைப்படி பார்த்தால் ‘ஜீரோ மிஷன்’, ‘பிரைம்’, ‘பிரைம் 3’, ‘சூப்பர் மெட்ராய்டு’ என்று அதே ரிட்லியை அத்தனை தடவை அடித்து வீழ்த்தியவள் இப்போது மட்டும் ஏன் நடுங்குகிறாள்? இரண்டாவது கட்சி: சேமஸின் கதையைச் சொல்லும் மங்காவை (ஜப்பானியப் படக்கதை) படித்தீர்களா? சின்ன வயசில் அவள் ஊரை அழித்து அம்மா அப்பாவைப் பறித்தது ரிட்லியின் கூட்டம், அதில் அவள் உறைந்துபோவது ஏற்கெனவே வருகிறதே. அதோடு, ‘சூப்பர் மெட்ராய்டு’ முடிவில் கிரகமே வெடித்துச் சிதறிய பிறகு ரிட்லி செத்தே போய்விட்டது என்று நம்பியிருந்தவள் முன்னால் அது மறுபடி வந்து நின்றால் எப்படி இருக்கும்?

இரண்டுமே சரியான வாதம்தான். அதனால்தான் இந்தப் பேச்சு முடிவதே இல்லை.

என் நிலைமையையும் சொல்லிவிடுகிறேன். நான் முதலில் ஆடியது ‘ஃப்யூஷன்’. 2002இல் கேம் பாய் அட்வான்ஸில் வந்தது. அதில் சேமஸ் நிறையவே பேசுவாள், லிஃப்டில் போகும்போதெல்லாம் மனசுக்குள் பேசிக்கொண்டே போவாள், செத்துப்போன தளபதி ஆடமை நினைத்துக்கொள்வாள். ஆகவே “சேமஸ் வாயைத் திறக்காமல் இருந்தவரைக்கும் நன்றாக இருந்தாள்” என்று யாராவது சொன்னால் எனக்கு ஒட்டவே ஒட்டாது. “அந்தக் காலத்தில் அவளுக்கு மரியாதை இருந்தது” என்பதும் அப்படித்தான். 1986இல் வந்த முதல் கேமில், வேகமாக முடித்தால் என்ன பரிசு கொடுத்தார்கள்? கவசத்தைக் கழற்றிக் காட்டினார்கள், அதிலும் ஒரு மணி நேரத்துக்குள் முடித்தால் பிகினி. பெண் என்று தெரிந்ததும் உலகமே அசந்துபோனது என்று பெருமையாகச் சொல்கிறோமே, அந்தப் பெருமைக்குள் இதுவும் இருக்கிறது.

சரி, விஷயத்துக்கு வருகிறேன். நாம் பதினைந்து வருஷமாகக் கட்சீன்களைப் பற்றியே, அதாவது நாம் ஆடாமல் வெறுமனே பார்க்கிற காட்சிகளைப் பற்றியே, சண்டை போடுகிறோம். அழுதாளா, அழலாமா, மெட்ராய்டுக் குட்டியை நினைத்து “பேபி, பேபி” என்று எத்தனை தடவை சொன்னாள், ஆண்டனி அவளை “பிரின்சஸ்” என்று கூப்பிடலாமா. ஆனால் சேமஸ் யார் என்று நமக்குச் சொல்லிக்கொடுத்தது எப்போதுமே பாஸ் சண்டைகள்தான், பெரிய எதிரிகளோடு நேருக்கு நேர் மோதுகிற அந்தச் சண்டைகள்தான். ‘அதர் எம்’ சறுக்கியதும் அங்கேதான் என்பது என் கட்சி. அவள் பயந்தது தப்பில்லை, அந்தப் பயத்தை நம் கைக்குத் தராமல் திரையிலேயே வைத்துக்கொண்டதுதான் தப்பு.

1994இல் வந்த ‘சூப்பர் மெட்ராய்டு’ கடைசிச் சண்டையை எடுத்துக்கொள்ளுங்கள். சேமஸ் பலவீனமாகத் தெரியவே கூடாது என்கிறவர்கள் இதை எப்படி மறக்கிறீர்கள் என்று எனக்குப் புரிந்ததே இல்லை. எதிரிகளின் தலைவியான மதர் பிரெய்ன் அந்த வானவில் கதிரால் அடிக்கும்போது உங்களால் ஒன்றுமே செய்ய முடியாது. எனர்ஜி எண் மடமடவென்று இறங்குகிறது. சேமஸ் மண்டியிட்டு மூச்சு வாங்குகிறாள். பட்டனை அழுத்துகிறீர்கள், எழுந்திருக்கவில்லை. இன்னொரு அடி விழுந்தால் முடிந்தது என்கிற நேரத்தில் அவள் முன்பு கொல்லாமல் விட்ட, உயிரை உறிஞ்சுகிற அந்த மெட்ராய்டுக் குட்டி பறந்து வந்து மதர் பிரெய்னை உறிஞ்சுகிறது, பிறகு அவள்மேல் உட்கார்ந்து உயிரை ஊட்டுகிறது, அவளுக்காக அடி மேல் அடி வாங்கிக் கடைசியில் செத்தும் போகிறது. அடுத்த நொடி இசை மாறுகிறது, உங்கள் கையில் ஹைப்பர் பீம் என்கிற பலத்த ஆயுதம் இருக்கிறது, ஒவ்வொரு குண்டுக்கும் மதர் பிரெய்னின் தலை பின்னால் போகிறது. ஒரு சொல் வசனம் கிடையாது. ஆனால் அந்த நிமிடத்தில் உங்களுக்கு வந்த கோபம் யாருடையது, உங்களுடையதா அவளுடையதா? பிரித்துச் சொல்ல முடியாது. ‘அதர் எம்’ தொடக்கத்தில் அதே காட்சியைப் புது கிராஃபிக்ஸில் படமாக எடுத்துக் காட்டுகிறார்கள், கண்ணுக்கு அழகாகவும் இருக்கிறது, ஆனால் நாம் வெறுமனே உட்கார்ந்து பார்க்கிறோம்.

அங்கேயும் சேமஸ் விழுகிறாள், இங்கேயும் விழுகிறாள். அங்கே அவளோடு நாமும் விழுந்தோம், அவ்வளவுதான் வித்தியாசம்.

இப்போது ரிட்லி சண்டைக்கு வாருங்கள். உறைந்து நின்றது முழுக்க கட்சீன். அது முடிந்ததும் தொடங்குகிற சண்டையில் அந்தப் பயத்தின் சுவடே கிடையாது! அவள் வழக்கம்போலக் குட்டிக்கரணம் போட்டுத் தப்பிக்கிறாள், வழக்கம்போல மேலே ஏறிச் சுடுகிறாள். ரிமோட்டைத் திரைக்கு நேராகத் திருப்பினால்தான் மிஸைல் விட முடியும், திருப்பினால் நடக்க முடியாது என்கிற அந்த எரிச்சல் மட்டும் எல்லாச் சண்டையிலும் போல இதிலும் இருக்கிறது. சற்று யோசியுங்கள்: அந்த உறைதலையே விளையாட்டாக வைத்திருந்தால்? சண்டை தொடங்கிவிட்டது, நான் பட்டனை அழுத்துகிறேன், பீரங்கி உயரவில்லை. மறுபடி அழுத்துகிறேன், கை நடுங்கிக் குண்டு எங்கோ போகிறது. ரிட்லி நெருங்குகிறது. மெல்ல மெல்ல கை நிலைப்படுகிறது, ஐந்தாவது குண்டு படுகிறது. இப்படிச் செய்திருந்தால் “சேமஸ் ஏன் பயந்தாள்” என்று யாரும் கேட்டிருக்க மாட்டோம், நாமே பயந்திருப்போம்.

இதைவிடப் பெரிய குறை ஒன்று இருக்கிறது, அதைப் பற்றி இரண்டு கட்சியுமே அதிகம் பேசுவதில்லை. ரிட்லி எப்படிச் சாகிறது? அந்தச் சண்டையில் தோற்று ஓடிவிடுகிறது. பிறகு வெகுநேரம் கழித்து ஓர் அறையில் அதன் காய்ந்த கூட்டைப் பார்க்கிறோம், மெட்ராய்டுகளின் ராணியான குவீன் மெட்ராய்டு உறிஞ்சிப் போட்டுவிட்டுப் போயிருக்கிறது. அம்மா அப்பாவைப் பறிகொடுத்த குழந்தையாகவே அவளை மாற்றிக் காட்டுகிற அளவுக்குப் போய்விட்டு, கணக்கைத் தீர்க்கிற வேலையை வேறொரு பூச்சியிடம் கொடுத்துவிட்டார்கள். எனக்கு உறைந்து நின்றதைவிட இதுதான் ஆறவில்லை. காயத்தைத் திறந்தவர்கள் அதை மூடுவதற்கு எனக்கு ஒரு சண்டை தரவேண்டாமா?

ஆடமின் அனுமதி விவகாரமும் இதே கதைதான் (‘அதர் எம்’ கதை ‘ஃப்யூஷனு’க்கு முன்னால் நடப்பதால் ஆடம் இதில் உயிரோடு இருக்கிறார்). எல்லா ஆயுதமும் சேமஸிடம் இருக்கிறது, ஆனால் ஆடம் சொன்னால்தான் பயன்படுத்துவாள். சூடு தகிக்கிற பகுதியில் உயிர் சொட்டுச் சொட்டாகக் கரைய ஓடுகிறோம், வேரியா சூட் உள்ளேயே இருக்கிறது, ஆடம் வாய் திறக்கிறவரை அவள் போடமாட்டாள். இதை ஆணாதிக்கம் என்பவர்கள் உண்டு, பட்டாளத்துக் கட்டுப்பாடு என்பவர்களும் உண்டு. கதைக்குள் அதற்கு ஒரு காரணம் இருக்கிறது என்பதை நான் மறுக்கவில்லை, பவர் பாம் மாதிரி பெரிய வெடிகுண்டை உயிரோடு ஆட்கள் இருக்கக்கூடிய விண்கப்பலில் போடக்கூடாதுதான். ஆனால் சூடு தாங்குகிற உடுப்பால் யாருக்கு என்ன ஆபத்து?

அந்தப் பவர் பாம் இருக்கிறதே, அதில்தான் இந்த கேமின் மிகச் சிறந்த சண்டை ஒளிந்துகிடந்தது. தொடக்கப் பயிற்சிக்குப் பிறகு கேம் முழுக்க அதை நாம் தொடுவதில்லை. ஆடம் செத்துப்போகிறார். குவீன் மெட்ராய்டு சேமஸை வாய்க்குள் இழுக்கிறது. இப்போது பந்தாகச் சுருண்டு பவர் பாமைப் போட வேண்டும். அனுமதி தர ஆளில்லை, இனி அனுமதி தேவையுமில்லை. கதை முழுக்கக் காத்திருந்து வந்து சேர வேண்டிய இடம் இது. ஆனால் அங்கே ஒரு குறிப்பு இல்லை, ஒரு சின்னச் சைகைகூட இல்லை. நான் அந்த இடத்தில் எத்தனை தடவை செத்தேன் என்று எண்ணவில்லை, கடைசியில் கோபத்தில் எல்லாப் பட்டனையும் அமுக்கித்தான் கண்டுபிடித்தேன். அவள் தனக்குத் தானே அதிகாரியான அந்தத் தருணம் எனக்கு “அப்பாடா, தொலைந்தது” என்றுதான் பட்டது.

அப்புறம் கடைசிச் சண்டை. அதைச் சண்டை என்று சொல்வதே தாராளம், ஒருத்தியைக் குறிபார்ப்பதோடு முடிந்துபோகிறது. கடைசியில் பெயர்ப் பட்டியல் ஓடி முடிந்த பிறகு வருகிற, ஃபேன்டூன் என்ற எதிரியோடான சண்டை அதைவிடச் சூடாக இருக்கிறது என்பது வேறு விஷயம். கேமை முடித்தால் தியேட்டர் மோட் என்று ஒன்று திறக்கிறது, கட்சீன்களையெல்லாம் இணைத்துச் சினிமாவாகவே ஓட்டுகிறது. படம் எடுக்கத்தான் ஆசைப்பட்டிருக்கிறார்கள் என்பதற்கு வேறு சாட்சி வேண்டாம்.

பழியை யார்மேல் போடுவது என்பதிலும் கொஞ்சம் நிதானம் வேண்டும். பெண்களைக் கவர்ச்சியாகக் காட்டும் ‘டெட் ஆர் அலைவ்’ கேமை எடுத்தவர்கள் ஆயிற்றே என்று, ‘அதர் எம்’மை உருவாக்குவதில் கைகோத்த டீம் நின்ஜாவைத் திட்டினோம். கதை அவர்களுடையது இல்லை, ‘சூப்பர் மெட்ராய்டு’ இயக்கிய அதே யோஷியோ சகமோட்டோவுடையது. குரல் கொடுத்த பெண்ணை நாம் திட்டியதை நினைத்தால் இன்றைக்கும் வெட்கமாக இருக்கிறது, அந்த வசனங்களை எழுதியதும் அவர் இல்லை, அப்படிப் பேசச் சொன்னதும் அவர் இல்லை.

சகமோட்டோ பாடம் கற்றுக்கொண்டாரா? 2021இல் வந்த ‘டிரெட்’ பார்த்தால் கற்றுக்கொண்டார் என்றுதான் தோன்றுகிறது. ஸ்பெயின் நாட்டு மெர்க்குரிஸ்டீம் உருவாக்கியது, அவர் தயாரிப்பாளர். அதில் கிரெய்டு என்ற பழைய ராட்சத எதிரி சங்கிலியில் கிடந்து முகத்துக்கு நேரே வந்து கத்துகிறது. சேமஸ் நகரவில்லை. பீரங்கியைச் சார்ஜ் ஏற்றிக்கொண்டே நின்று, வாய் திறந்ததும் உள்ளே ஒரு குண்டு. பழைய பகை, அலுத்துப்போன பகை, அது தெரிகிறது. எம்மி ரோபோக்கள் துரத்தும்போதோ பயமெல்லாம் நமக்கு, மாட்டினால் கண்ணிமைக்கிற நேரத்துக்குள் பட்டனை அடித்தால்தான் உயிர். பாஸ்கள் முதல் தடவை நம்மைத் துவைத்து எடுக்கின்றன, ஐந்தாவது தடவை ஒரு கீறல்கூட இல்லாமல் முடிக்கிறோம். அந்த கேமின் வில்லன் ரேவன் பீக் தொடக்கத்திலேயே அவளைக் கழுத்தைப் பிடித்துத் தூக்கி வீசியவன், கடைசியில் அவனிடம் மறுபடி போய் நிற்கும்போது நம் கைகளுக்கே அவளுடைய அனுபவம் வந்துவிட்டிருக்கிறது. அந்த கேம் முழுவதிலும் அவள் வாய் திறந்து பேசுவது ஒரே ஒரு தடவை, அதுவும் அவளை வளர்த்த சோஸோ இனத்தின் மொழியில்.

இங்கேதான் முதல் கட்சிக்காரர்களிடம் எனக்குக் கொஞ்சம் வருத்தம். “பார்த்தாயா, பேசாமல் இருந்தாள், நன்றாக இருந்தது” என்று முடித்துவிட்டீர்கள். ‘டிரெட்’ நன்றாக இருந்ததற்குக் காரணம் மௌனம் இல்லை. 2025 டிசம்பரில் வந்த ‘பிரைம் 4’ பாருங்கள், சுற்றிலும் வீரர்கள் அவளிடம் பேசிக்கொண்டே இருக்கிறார்கள், இவள் ஊமை மாதிரி தலையை ஆட்டிக்கொண்டு நிற்கிறாள். தனியாக இருக்கும்போது மௌனம் கம்பீரம், நாலு பேர் பேர் சொல்லிக் கூப்பிடும்போது அதே மௌனம் மரியாதைக் குறைவு மாதிரி ஆகிவிடுகிறது. ஒருவேளை ‘அதர் எம்’ சமயத்தில் நாம் போட்ட கூச்சலில் பயந்துதான் அவள் வாயைத் தைத்துவிட்டார்களோ என்று எனக்கு ஒரு சந்தேகம், நிரூபிக்கமுடியாத சந்தேகம்தான்.

இரண்டாவது கட்சிக்காரர்களே, உங்களுக்கும் ஒன்று. உணர்ச்சி வேண்டும் என்கிறீர்கள், நானும் உங்கள் பக்கம்தான். ஆனால் அதற்கு ‘அதர் எம்’மை எடுத்துக்காட்டாகத் தூக்காதீர்கள், 2007இல் வந்த ‘பிரைம் 3’ இருக்கிறது. ருண்டாஸ், கோர், கேன்ட்ரேடா என்று மூன்று சக வேட்டைக்காரர்கள், தொடக்கத்தில் உங்களோடு தோள் சேர்ந்து நின்றவர்கள், விஷம் ஏறிப் புத்தி மாறி, ஒவ்வொருவராகப் பாஸ் சண்டையில் எதிரே வருகிறார்கள். நம் கையால்தான் வீழ்த்துகிறோம். சேமஸ் ஒரு வார்த்தை பேசுவதில்லை. ருண்டாஸ் சண்டை முடிந்து கன்ட்ரோலரைக் கீழே வைத்தபோது எனக்கு ஜெயித்த சந்தோஷமே வரவில்லை. அவளுடைய மனசைக் காட்ட அப்படியும் ஒரு வழி இருந்திருக்கிறது.

ஆகவே இரண்டு பேரிடமும் ஒரே வேண்டுகோள். அடுத்த கேம் அறிவிப்பு வந்ததும் “பேசுவாளா, பேசமாட்டாளா” என்று ஆரம்பிக்காதீர்கள். நின்டெண்டோவிடம் கேட்பதானால் இதைக் கேளுங்கள்: ரிட்லி திரும்பி வருமா, வந்தால் அந்தச் சண்டையில் முதல் குண்டைச் சுடுவது நானா, இல்லை கட்சீனா?

இப்படிக்கு,
குவீன் மெட்ராய்டின் வாய்க்குள் எண்ணற்ற முறை செத்த ஒரு ரசிகன்