ஃபார்மேட் அடிக்கும் முன் டிஸ்க்கைப் பாருங்கள்

ஆசிரியர் அவர்களுக்கு வணக்கம்.

சென்னிமலையில் வீட்டிலிருந்தபடியே பெட்ஷீட் வியாபாரிகளுக்கும் நூல் கடைக்காரர்களுக்கும் டேலி மென்பொருளில் கணக்கு எழுதி, ஜிஎஸ்டி தாக்கல் செய்து கொடுக்கிறேன். எங்கள் பக்கம் இப்போது தறி ஓடுகிற வீடுகளில் பெரும்பாலும் ஒரு கம்ப்யூட்டரும் இருக்கிறது. பில் போட, சரக்கு அனுப்ப இ-வே பில் எடுக்க, பிள்ளைகள் படிக்க எல்லாவற்றுக்கும் அதுதான். அந்தக் கம்ப்யூட்டர் ரிப்பேர் ஆகும்போது நடக்கிற ஒரு விஷயத்தைப் பற்றி எழுத வேண்டும் என்று ரொம்ப நாளாக நினைத்துக்கொண்டிருக்கிறேன்.

சிஸ்டம் நன்றாகத்தான் ஓடிக்கொண்டிருக்கும். திடீரென்று நாலைந்து விநாடி அப்படியே நின்றுவிடும். வவுச்சரில் தொகையை அடித்தால் திரையில் ஒன்றும் வராது. அப்புறம் அடித்த எண்களெல்லாம் மொத்தமாக வந்து விழும், வழக்கம்போல ஓடும். ஒரேயடியாக நின்றுபோனால் உடனே கடைக்குத் தூக்கிக்கொண்டு ஓடுவோம். இது தானே சரியாகிவிடுவதால் யாரும் பெரிதாக எடுத்துக்கொள்வதில்லை. கொண்டுபோனாலும் கடையில் ஆன் செய்யும்போது பார்த்து அது நிற்பதில்லை. "நல்லாத்தானுங்க ஓடுது, எதுக்கும் ஃபார்மேட் அடிச்சுப் புதுசா ஓஎஸ் போட்டுரலாங்க" என்பார்கள். விண்டோஸ் இருக்கும் பகுதியை அழித்துவிட்டு அதை மறுபடி புதிதாகப் போடுவதுதான் அது. நாமும் சரிங்க என்று சொல்லிவிட்டு வருவோம்.

இந்த 'எதுக்கும் ஃபார்மேட்' பழக்கத்தைத்தான் விட வேண்டும் என்று கேட்டுக்கொள்கிறேன்.

எங்கள் தெருவில் பெட்ஷீட் வாங்கி வெளியூருக்கு அனுப்புகிற ஓர் அண்ணன் இருக்கிறார். அவர் வீட்டு சிஸ்டம் இப்படித்தான் அவ்வப்போது நின்று நின்று ஓடியது. கடையில் ஃபார்மேட் அடித்துக் கொடுத்தார்கள். டெஸ்க்டாப்பில் வைத்திருந்த மகள் கல்யாணப் படங்கள் அன்றைக்கே போயின. "வேணுங்கறது எதாச்சும் இருக்குதுங்களா" என்று ஒரு வார்த்தை யாரும் கேட்கவில்லை. சில வாரம் சிஸ்டம் ஜோராக ஓடியது. அப்புறம் மறுபடியும் அதே கதை. கடைசியில் ஒருநாள் காலையில் ஆன் செய்தால் ஹார்ட் டிஸ்க்கே காட்டவில்லை. டி டிரைவில் இருந்த டேலி கணக்கு மொத்தமும் அதோடு போயிற்று. ஆடிட்டரிடம் இருந்த பழைய பேக்கப்பை வைத்து, நடுவில் விட்டுப்போன மாதங்களின் பில்களை அண்ணனின் மனைவி ராத்திரி ராத்திரியாக உட்கார்ந்து திரும்ப ஏற்றினார். ஜிஎஸ்டி சட்டப்படி கணக்குப் புத்தகங்களை, ஆண்டு ரிட்டர்ன் தாக்கல் செய்ய வேண்டிய கடைசித் தேதியிலிருந்து 72 மாதம் வைத்திருக்க வேண்டும். டிஸ்க் போய்விட்டது என்று அதிகாரியிடம் சொல்லித் தப்ப முடியாது.

ஃபார்மேட் அடித்ததும் கொஞ்ச நாள் ஏன் நன்றாக ஓடியது? இது தெரிந்துவிட்டால் அடுத்த முறை யாரும் ஏமாற மாட்டார்கள். ஹார்ட் டிஸ்க்கின் தட்டில் ஓரிடம் பழுதாகத் தொடங்கினால் டிஸ்க் உடனே 'படிக்க முடியவில்லை' என்று கைவிடாது. அதே இடத்தைத் திரும்பத் திரும்பப் படிக்கப் பார்க்கும். 7200 ஆர்பிஎம், அதாவது நிமிடத்துக்கு 7200 சுற்று ஓடும் டிஸ்க் விநாடிக்கு 120 சுற்றுச் சுற்றும். ஒரு சுற்றுக்கு ஒரு தடவைதான் அந்த இடம் படிக்கும் ஹெட்டுக்குக் கீழே வரும். நூற்றுக்கணக்கான தடவை முயன்றால் சில விநாடிகள் போய்விடும். அந்த நேரம் முழுக்க விண்டோஸ் காத்துக்கொண்டு நிற்கும். நாம் ஹேங் என்கிறோம். கடையில் அடிக்கிற ஃபார்மேட் பெரும்பாலும் குவிக் ஃபார்மேட். அது எந்தக் கோப்பு எங்கே இருக்கிறது என்ற பட்டியலைத்தான் புதிதாக்கும், தட்டைச் சோதிக்காது. புது விண்டோஸ் வேறு இடத்தில் போய் உட்காரும். பழுதான இடத்தைத் தொடாத வரைக்கும் எல்லாம் சரியாகிவிட்ட மாதிரியே தெரியும். மறுபடி அந்த இடத்துக்குப் போகும்போது மறுபடி நிற்கும்.

தறியில் நீளவாக்கில் ஓடும் நூல்களான பாவில் ஓர் இழை அறுந்தால் நெசவாளி அந்த இழையைத் தேடிப் பிடித்து முடிச்சுப் போடுவாரே தவிர, பாவையே வெட்டி எறிய மாட்டார். கம்ப்யூட்டரிலும் முதலில் தேட வேண்டும். தேடுவதற்கு வேண்டியது பெரும்பாலும் விண்டோஸுக்குள்ளேயே இருக்கிறது.

என் சிஸ்டமும் போன வருடம் இப்படி நிற்கத் தொடங்கியது. கோயம்புத்தூரில் இன்ஜினீயரிங் படிக்கிற என் மாமன் மகன் போனிலேயே வழி சொன்னான். "அக்கா, நிக்கும்போது மவுஸ் நகருதான்னு மட்டும் மொதல்ல பாருங்க" என்றான். நல்ல யோசனை. அம்புக்குறி நகர்ந்து, எதை அழுத்தினாலும் திறக்காமல் இருந்தால் பெரும்பாலும் டிஸ்க் எதற்கோ காத்துக்கொண்டிருக்கிறது. அம்புக்குறியும் சேர்ந்து உறைந்து, ஓடிக்கொண்டிருந்த பாட்டு ஒரே இடத்தில் கரகரவென்று இழுத்தால் டிரைவர் மென்பொருள், கிராஃபிக்ஸ் கார்டு, பயாஸ் (கம்ப்யூட்டர் ஆன் ஆனதும் முதலில் ஓடும் மென்பொருள்) பக்கம் பார்க்க வேண்டும். எனக்கு மவுஸ் நகர்ந்தது. கண்ட்ரோல், ஷிஃப்ட், எஸ்கேப் மூன்றையும் சேர்த்து அழுத்தி டாஸ்க் மேனேஜரைத் திறந்து, பெர்ஃபாமன்ஸ் பக்கத்தில் டிஸ்க்கைத் தேர்ந்தெடுத்து வைத்திருந்தேன். சிஸ்டம் நிற்கும்போது ஆக்டிவ் டைம் 100 சதவீதத்தில் நிற்கும், ஆனால் படிக்கும் வேகமும் எழுதும் வேகமும் பூஜ்யம். டிஸ்க் மும்முரமாக இருப்பதாகக் காட்டுகிறது, வேலை ஒன்றும் நடக்கவில்லை என்று அர்த்தம்.

அதற்கடுத்து அவன் சொன்னதுதான் முக்கியமானது. சிஸ்டம் நிற்கிற நேரத்தை ஒவ்வொரு தடவையும் கணக்கு நோட்டின் ஓரத்தில் குறித்து வைக்கச் சொன்னான். சாயங்காலம் ஸ்டார்ட்டில் ஈவென்ட் வியூவர் என்று அடித்து, விண்டோஸ் லாக்ஸ் என்பதற்குள் சிஸ்டம் என்ற பட்டியலைத் திறந்தேன். நோட்டில் 11.42 என்று இருந்தது. பட்டியலிலும் 11.42-க்கு மஞ்சள் முக்கோணம் போட்ட ஒரு வரி, எண் 129. டிஸ்க் பதில் சொல்லாததால் இணைப்பை ரீசெட் செய்தேன் என்று விண்டோஸ் எழுதி வைத்திருந்தது. மற்ற நேரங்களுக்கும் அதே மாதிரி வரிகள். 'அது பாட்டுக்கு எப்பவாவது நிக்குதுங்க' என்று நாம் சொல்வதற்கெல்லாம் அந்தப் பட்டியலில் நேரம் போட்டுக் குறிப்பு இருக்கும். டிஸ்க் என்ற பெயரில் எண் 7 வந்தால் தட்டில் பழுதான இடம் இருக்கிறது என்று பொருள். 153 வந்தால் படிப்பதையோ எழுதுவதையோ மறுபடி செய்ய வேண்டியிருந்தது என்று பொருள்.

அப்புறம் கிறிஸ்டல்டிஸ்க்இன்ஃபோ என்ற இலவச மென்பொருள். டிஸ்க் தன்னைப் பற்றித் தானே எழுதி வைத்திருக்கும் குறிப்பை அது காட்டும். நீலம் என்றால் நலம், மஞ்சள் என்றால் எச்சரிக்கை, சிவப்பு என்றால் டிஸ்க் போகிற நிலையில் இருக்கிறது. நிறத்தை மட்டும் பார்த்துவிட்டு மூடக்கூடாது. 05 என்ற வரியில், பழுதாகி மாற்று இடம் ஒதுக்கப்பட்ட செக்டார்களின் (தட்டில் உள்ள சிறு பகுதிகளின்) எண்ணிக்கை இருக்கும். சி5 வரியில், படிக்க முடியாமல் சந்தேகத்தில் இருக்கும் செக்டார்கள். இந்த இரண்டும் ஏறிக்கொண்டே போனால் டிஸ்க்கை மாற்றித்தான் ஆக வேண்டும். அண்ணன் வீட்டு டிஸ்க்கில் இதை அன்றைக்கே யாராவது பார்த்திருந்தால் படங்களும் கணக்கும் தப்பியிருக்கும்.

என் டிஸ்க்கில் 05, சி5 இரண்டும் பூஜ்யமாக இருந்தன. சி7 வரிதான் நாளுக்கு நாள் ஏறிக்கொண்டிருந்தது. டிஸ்க்குக்கும் மதர்போர்டுக்கும் நடுவில் தகவல் போகும்போது கெட்டுப்போவதைக் காட்டும் எண் அது. பெரும்பாலும் கேபிள்தான் காரணமாக இருக்கும். கொஞ்ச நாள் முன்புதான் ஒருவர் வந்து கேபினெட்டைத் திறந்து பஞ்சு எடுத்துவிட்டுப் போயிருந்தார். அவர் கை பட்டதில் டிஸ்க்கை மதர்போர்டோடு இணைக்கும் சாட்டா கேபிள் நெகிழ்ந்திருந்தது. பழைய கேபிள், மாட்டினால் இறுக்கிப் பிடிக்கும் கிளிப்பும் அதில் இல்லை. கிளிப் வைத்த புதுக் கேபிள் ஒன்று வாங்கி மாட்டியதோடு சரியாகிவிட்டது. சி7 எண் எப்போதும் குறையாது. மாற்றிய பிறகு மேலே ஏறாமல் நிற்கிறதா என்பதைத்தான் பார்க்க வேண்டும். என் சிஸ்டத்தில் அது அன்றைக்கு நின்ற இடத்திலேயே இன்னும் நிற்கிறது. இதே சிஸ்டத்துக்குத்தான் ஒரு கடையில் மதர்போர்டையே மாற்றச் சொன்னார்கள்.

பஞ்சு என்றதும் ஒன்று சொல்ல வேண்டும். சென்னிமலை, பவானி, பள்ளிபாளையம், சோமனூர், திருப்பூர் என்று தறியும் பனியனும் இருக்கிற ஊர்களில் காற்றிலேயே பஞ்சு இருக்கிறது. பிராசசர் மேல் உள்ள ஃபேனைக் கழற்றிப் பார்த்தால் அடியில் சூட்டை வெளியேற்றும் ஹீட்சிங்க் தகடுகளின் மேல் பஞ்சு அட்டையாகப் படிந்திருக்கும். நகத்தால் தூக்கினால் ஒரே துண்டாக உரிந்து வரும். அந்த ஃபேன் எவ்வளவு சுற்றினாலும் காற்று உள்ளே போகாது. ஆகவே எங்கள் பக்கத்தில் கேபினெட்டைச் சுத்தம் செய்வதைத் தள்ளிப்போடவே கூடாது. பிளக்கைப் பிடுங்கிவிட்டு, ஃபேன் சுற்றாமல் விரலால் பிடித்துக்கொண்டு ஊத வேண்டும். முடித்ததும் ஒவ்வொரு கேபிளையும் அழுத்திப் பார்த்துவிட்டு மூட வேண்டும். ஆனால் சூட்டினால் வரும் கோளாறு வேறு மாதிரி இருக்கும். மொத்த சிஸ்டமும் மெதுவாகும், ரொம்பச் சூடானால் தானே அணைந்துவிடும். நாலு விநாடி நின்றுவிட்டு அதே வேகத்தில் ஓடுவது பெரும்பாலும் சூட்டால் வருவதில்லை.

ரேம் கெட்டாலும் பெரும்பாலும் பிழை சொல்லும் நீலத் திரைதான் (புதிய விண்டோஸ் 11-இல் கருப்புத் திரை) வரும். சந்தேகம் இருந்தால் விண்டோஸ் மெமரி டயக்னஸ்டிக் என்று அடித்து ஓட்டிப் பார்க்கலாம். விண்டோஸ் 10-க்கு 2025 அக்டோபர் 14-ஆம் தேதியோடு ஆதரவு முடிந்ததால்தான் சிஸ்டம் நிற்கிறது என்று சொல்லிப் புது கம்ப்யூட்டர் வாங்கச் சொல்கிறவர்களும் இருக்கிறார்கள். ஆதரவு முடிந்தால் வழக்கமான பாதுகாப்பு அப்டேட் நிற்கும். அது கவலைப்பட வேண்டிய விஷயம்தான், பேங்க் வேலை செய்கிறவர்கள் மாறிக்கொள்ள வேண்டும். ஆனால் அதனால் டிஸ்க் நிற்காது. எதையும் கழற்றாமலே தீர்கிற கோளாறும் உண்டு. ரைசன் பிராசசர் உள்ள சில கம்ப்யூட்டர்களில் பாதுகாப்புக்கான எஃப்டிபிஎம் அமைப்பால் அவ்வப்போது சில கணம் திக்கும் என்று ஏஎம்டி நிறுவனமே 2022-இல் ஒப்புக்கொண்டு, அதற்கு பயாஸ் அப்டேட் கொடுத்தது.

எதைச் செய்தாலும் முதலில் வேறு டிஸ்க்குக்குக் காப்பி எடுத்துவிடுங்கள். விண்டோஸில் உள்ள செக் டிஸ்க் சோதனையை ஓட்டினால் சரியாகிவிடும் என்று பலர் சொல்வார்கள். தட்டு முழுக்கச் சோதிக்கும்படி அதை ஓட்டினால், போகிற நிலையில் உள்ள டிஸ்க்குக்கு மணிக்கணக்கில் வேலை கொடுத்ததாகிவிடும், பாதியிலேயே டிஸ்க் போய்விடவும் கூடும். டேலி கணக்கு, படங்கள், பத்திரங்களின் ஸ்கேன் எல்லாம் பத்திரமாக வெளியே வந்த பிறகு எந்தச் சோதனை வேண்டுமானாலும் செய்யுங்கள்.

சர்வீஸ் கடை வைத்திருக்கும் அண்ணன் தம்பிகளுக்கு ஒரு வேண்டுகோள். நாள் முழுக்கக் கூட்டம் என்பது எனக்குத் தெரியும். ஆனால் டிஸ்க்கின் நிலையைத் திறந்து பார்க்க ஐந்து நிமிடம்கூட ஆகாது. ஃபார்மேட் அடிக்கும் முன் அந்தத் திரையை வாடிக்கையாளரிடம் காட்டுங்கள். 05, சி5, சி7 எண்களை பில்லிலேயே எழுதிக் கொடுங்கள். காப்பி எடுத்தாயிற்றா என்று கேட்டு ஒரு கையெழுத்து வாங்கிக்கொள்ளுங்கள். உங்களுக்கும் அது பாதுகாப்புதான். கேட்காமலே அழித்துவிட்டால் நுகர்வோர் உதவி எண் 1915-க்கு வாடிக்கையாளர் புகார் செய்யலாம்.

கம்ப்யூட்டர் கொடுத்துவிட்டு வருகிறவர்களுக்கும் ஒன்று. டிஸ்க்கை மாற்றினால் பழைய டிஸ்க்கைக் கேட்டு வாங்கிக்கொண்டு வாருங்கள். ஓடாத டிஸ்க்கிலும் உங்கள் ஆதார் நகலும், பேங்க் ஸ்டேட்மென்ட்டும், வீட்டுப் பெண்களின் படங்களும் அப்படியே இருக்கும்.

ஒவ்வொரு மாதமும் ஜிஎஸ்டி தாக்கலுக்கான 20-ஆம் தேதி நெருங்கும்போதுதான் இந்த ஊரில் ராத்திரி வரை கம்ப்யூட்டர்கள் ஓடும், அப்போதுதான் நிற்கவும் செய்யும். ஆகவே மாத முதல் வாரத்தில் இந்தக் கடிதத்தைப் பிரசுரித்தால் எங்களைப் போன்றவர்கள் ஒரு ஞாயிற்றுக்கிழமையாவது உட்கார்ந்து காப்பி எடுத்துவைக்க வசதியாக இருக்கும்.

இப்படிக்கு,
வீட்டிலிருந்து கணக்கு எழுதும் வாசகி,
சென்னிமலை, ஈரோடு மாவட்டம்.