கார்ட்லெஸ் மைக் ஊளையிடுவது ஏன்?

ஆசிரியருக்கு,

ஆவணி முகூர்த்தங்களுக்காக விலை குறைந்த கார்ட்லெஸ் மைக் வாங்குவோர் கவனத்துக்கு.

2.4 கிகாஹெர்ட்ஸில் இயங்கும் மைக், வைஃபையும் புளூடூத்தும் நெரியும் அதே அலைவரிசையில் முட்டி மோதுகிறது. காலி மண்டபத்தில் கணீரென்று கேட்டது, பந்திக்கு ஆள் நிறைந்ததும் விட்டுவிட்டுக் கேட்கும். மனித உடலிலுள்ள நீர் அந்த அலைகளை உறிஞ்சுவது இன்னொரு காரணம். அலைவரிசையை மாற்றிக்கொள்ளும் வசதியுள்ள யுஎச்எஃப் (UHF எனப்படும் மீயுயர் அதிர்வெண்) வகையே மேல். மாற்ற முடியாத வகையில் இரண்டு செட் வாங்கினால் பின்புறம் அச்சிட்ட அலைவரிசை எண்ணைப் பாருங்கள். இரண்டிலும் ஒரே எண் என்றால் ஒன்றையொன்று கெடுக்கும்.

மைக் அனுப்பும் அலையை வாங்கும் ரிசீவரை ஆம்ப்ளிஃபயருக்கு அடியில், மேசைத் துணிக்குள் ஒளித்துவைப்பதுதான் பெரும் தவறு. மேடையிலிருந்து பார்த்தால் தெரியும்படி, தலைகளுக்கு மேலான உயரத்தில் வைத்து, இரண்டு ஆன்டெனாக்களையும் 'வி' போல விரியுங்கள்.

கூவுவதற்கு மைக்கைப் பழிக்க வேண்டாம். வலைத்தலையைக் கையால் பொத்திப் பிடித்தால், முன்பக்க ஒலியை மட்டும் வாங்க வேண்டிய மைக் எல்லாப் பக்கமும் வாங்கத் தொடங்கும்; ஸ்பீக்கரின் ஒலியே திரும்ப மைக்கில் புகுந்து கூவும். நம்மூர் பாடகர்கள் பலருக்கும் இந்தப் பழக்கம் உண்டு! மைக்கை அதன் வலைத்தலைக்குக் கீழே பிடித்து, ஸ்பீக்கருக்குப் பின்னால் நின்று பேசினாலே பாதி தீரும்.

சுவர்க் கடிகாரத்துக்குப் போடும் மலிவு செல் இதற்கு ஆகாது. ஆல்கலைன் செல் போடுங்கள். விழா முடிந்ததும் கழற்றிவிடுங்கள். உள்ளேயே விட்டால் கசிந்து ஸ்பிரிங்கை அரித்துவிடும்.

இப்படிக்கு,
ஒலி அமைப்பாளர்கள்,
திண்டுக்கல்